சாமியிடம் செல்லும் பஸ்

நெற்றியில் 'சேலம்' என்று எழுதிய ஒரு பஸ், ஓட்டுநர் இல்லாமல், நடத்துநர் இல்லாமல், ஒரு வியாழக்கிழமைக் காலையில் கரூர் பட்டறைத் தெருவுக்குள் நுழைந்து சென்னியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, எங்கள் தெரு கேட்ட முதல் கேள்வி அது எப்படித் தானாக வந்தது என்பதல்ல. அதற்குப் பாடி கட்டியது யார் என்பதுதான். வேறு ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். வெறும் சட்டமும் எஞ்சினுமாக வருகிற வண்டிக்கு, முதுகெலும்பு மட்டும் உள்ள பிராணிக்கு விலாவும் தோலும் கண்ணும் வைப்பதுபோல வைத்து, தேநீர் குடிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தட்டித் தட்டி, கல்யாணப் பெண்போல அனுப்பிவைக்கிற தெரு எங்களுடையது. பிரமன்கூடத் தன் வேலையை இரண்டாம் முறை சரிபார்த்ததாக எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. நாங்கள் மூன்றாம் முறையும் பார்ப்போம்.

ஆகவே எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கூரைமேல் ஏறியும் பார்த்தார்கள். பஸ்களுக்குப் பெயர் எழுதும் ரஹ்மத்துல்லா பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து சுத்தமா இருக்குதுங்க. ஆனா நம்ம தெரு எழுத்து இல்ல. நம்மாளு எழுதுனா 'சே'யோட கொம்பு இன்னும் கொஞ்சம் திமிரா நிக்கும்."

பஸ் ஏன் வந்தது என்ற கேள்வி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் யாருக்கோ தோன்றியது. அதற்கான விடையை வைத்திருந்தவள் அடுத்த வீட்டு ருக்குமணி. முந்தின நாள் சாயங்காலம் சென்னியப்பனின் மகள் தாரணி, வயது ஆறு, "எங்கம்மா எங்க?" என்று கேட்டபோது, "அம்மா சேலத்துக்குப் போயிருக்குது அம்மிணி, வந்துரும்" என்று சொன்னவள் அவள்தான்.

தாரணியின் அம்மா வசந்தாமணி சேலத்துக்குப் போகவில்லை. பஸ் சீட்டுகளுக்கு உறை தைப்பவள், தையல் மெஷினைவிடச் சத்தமாகச் சிரிப்பவள், மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இனித் தேறமாட்டாள் என்று தெரிந்த அன்றே குழந்தையைக் குளித்தலையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடல் வந்தது, அமராவதிக் கரையில் எரிந்தது, சாம்பல் ஆற்றோடு போனது, காரியம் முடிந்தது, வீடு கழுவப்பட்டது, மெஷின்மேல் ஒரு பழைய போர்வை விழுந்தது, அதற்குப் பிறகுதான் குழந்தையைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். பிஞ்சு மனசு பயந்துவிடும் என்பது பெரியவர்களின் கணக்கு. தங்கள் பயத்துக்குக் குழந்தையின் பெயரை வைப்பது பெரியவர்களுக்கு உலகம் முழுவதும் உள்ள பழக்கம்.

சென்னியப்பனிடம் குழந்தை முதலில் கேட்டபோது அவன் எழுந்து கொல்லைக்குப் போய்க் கை கழுவினான். அவள் பின்னாலேயே போய் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி கை கழுவினான். அந்தக் கையைக் காப்பாற்றத்தான் ருக்குமணி வாயைத் திறந்தாள்.

மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட நேரத்தில் செத்தவர்களை நட்சத்திரமாக்கிவிடுவார்களாம். எங்களுக்கு நட்சத்திரங்களோடு அவ்வளவு பழக்கமில்லை. ஒரு ஆள் எங்கே என்று கேட்டால் எங்கள் நாக்கு பஸ் பலகையில் உள்ள ஊர்ப்பெயரைத்தான் தேடும். தாய்மாமன் மயில்சாமி, "அம்மா ஊட்டிக்குப் போயிருக்கு கண்ணு, குளுகுளுன்னு இருக்கும்ல, ஒடம்பு தேறட்டும்னு" என்றான். மறுநாள் ஊட்டி பஸ் வந்து நின்றது. பூக்காரம்மா பழனி என்றாள். பழனி பஸ் விபூதி வாசத்தோடு வந்தது. இளமையில் வெளிநாடு போய்வந்த வெல்டர் ஒருவர், அதைச் சொல்லிக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை விடுவானேன் என்று, சிங்கப்பூர் என்றார். அந்த பஸ் இரண்டு பக்கமும் மிதவை வளையங்கள் தொங்க, அடியில் சிப்பி ஒட்டியிருக்க, சக்கரமெல்லாம் உப்புப் பூத்து வந்து சேர்ந்தது. கடல் கரூரிலிருந்து எவ்வளவு தூரம் என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

மனிதர்கள் அதிசயத்துக்குப் பழகுகிற வேகத்தில் வேறெதற்கும் பழகுவதில்லை. ஊட்டி பஸ்ஸுக்குள் எப்போதும் குளிராக இருந்ததால் பால்காரர் கேன்களை அதில் வைத்தார், பூக்காரம்மா மல்லிகையை வைத்தாள், வெயில் ஏறியதும் ஓய்வுபெற்ற பெருசுகள் சால்வையோடு உள்ளே போய்ப் பேப்பர் படித்தார்கள். சேலம் பஸ்ஸின் கூரையில் வடகம் காய்ந்தது. பழனி பஸ்ஸில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்து, சம்பந்திகள் சீட்டின் உறுதியைப் பாராட்டினார்கள். போக்குவரத்து அதிகாரி ஒருவர் வந்து எஞ்சின் எண்ணைத் தேடினார், எண் இல்லை. எண் இல்லாததைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று அவரே சொல்லிவிட்டு, ஊட்டி பஸ்ஸில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். சுற்றுவட்டாரத்திலிருந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதை வெட்கத்தோடுதான் எழுதவேண்டும், ஆனால் எழுதவேண்டும்: கன்னியாகுமரி பஸ் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசைக்காகவே ஒருவர் போய்க் குழந்தையிடம், "அம்மா கன்னியாகுமரிக்கில்ல போயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தாரணி பஸ்களை வேடிக்கை பார்க்கவில்லை. தினமும் காலையில் அம்மாவின் சீப்பையும் ஒரு மாற்றுப் பாவாடையையும் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்காருவாள். பஸ் நகராது. சாயங்காலம் இறங்கி வருவாள். மறுநாள் அடுத்த பஸ். பள்ளிக்கூடம் போவதில்லை. வைத்த சோற்றில் பாதியை எடுத்து மூடிவைப்பாள், அம்மா பசியோடு வருவாள் என்று. சென்னியப்பனோடு பேச்சே நின்றுபோனது. அவனும் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பயமுறுத்திவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் கிருபாவதி டீச்சர் வந்தார். குழந்தையின் வகுப்பு டீச்சர். நல்லவர், படித்தவர், பொய் சொல்லாதவர். ஆகவே அவர் ஊர்ப்பெயர் எதையும் சொல்லவில்லை. தாரணியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவி, "அம்மா சாமியிடம் போயிட்டாங்கம்மா. அங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்றார்.

மறுநாள் வந்த பஸ்ஸின் பலகையில் 'சாமியிடம்' என்று இருந்தது.

பொய்யைப் பற்றி எங்கள் தெரு அன்று கற்றுக்கொண்டதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் சிரமப்பட வேண்டாம். முழுப் பொய் நகராது, வடகம் காயப்போடலாம். பாதி மெய்தான் ஓடும். மற்ற பஸ்கள் எல்லாம் எஞ்சின் செத்து நின்றன. இதன் எஞ்சின் மட்டும் வரும்போதே ஓடிக்கொண்டிருந்தது, பூனை உறுமுவதுபோல, நிறுத்த வழியில்லாமல்.

ஆனால் எங்கள் கண்ணுக்குப் பட்டது அது அல்ல. இந்த பஸ் அரைகுறையாக வந்திருந்தது. பெயிண்டுக்கு முந்தின பிரைமர் மட்டும் அடித்த உடம்பு. உள்ளே ஒரு சீட்டு இல்லை. கைப்பிடிக் கம்பி இல்லை. படிக்கட்டு இல்லை; வாசல் ஒரு ஆள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. குழந்தை காலையில் பையோடு வந்து அந்த வாசலின்கீழ் நின்றாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எங்களில் ஒருவராவது அவளைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்றா இது, எவனோ வேலையை முடிக்காம அனுப்பிட்டான்" என்றான் மயில்சாமி.

"நாலு ஊர் சனம் வந்து பாக்குது. பட்டறைத் தெருவுல கட்டுனதுன்னில்ல நெனைப்பாங்க?" என்றார் வெல்டர்.

"அதும் சாமி பேர் போட்ட வண்டி" என்றார் பாய். "யாரு சாமியா இருந்தாலும் அசிங்கம்தானுங்களே."

சட்டென்று எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. சம்பளமில்லாத வேலைக்கு எங்கள் தெரு அப்படி ஒன்றுகூடி நான் பார்த்ததில்லை. சீட்டு வந்தது, கம்பி வந்தது, ஜன்னல் வந்தது, பாய் பக்கவாட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு இழுத்தார், அப்படி ஒரு கோட்டை அவர் அதற்கு முன் இழுத்ததில்லை, பின்னும் இழுக்கவில்லை. மிச்சம் படிக்கட்டு. படிக்கட்டு என்றால் சென்னியப்பன்தான். பெண்டாட்டி செத்த நாளிலிருந்து சுத்தியலைத் தொடாதவனை இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வேலை செய்தால் மனசு ஆறும் என்றார்கள். அவன் படிக்கட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. மற்றவர்கள் வைப்பதைவிட முதல் படியை ஒரு சாண் தாழ்த்தி வைப்பான். குழந்தையும் கிழவியும் யார் கையையும் பிடிக்காமல் ஏற வேண்டும் என்பது அவன் கட்சி. அன்றும் அப்படியே வைத்தான். வேலை முடிந்ததும், பழக்கதோஷம், ஏறி ஒருமுறை இறங்கிப் பார்த்தான். தரையில் ஆறு வயசுக்காரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை பத்துமணி டீ வந்த நேரம், தாரணி பையை மாட்டிக்கொண்டு, அப்பா செய்த படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது.

முதலில் பார்த்தவள் ருக்குமணி. "அய்யோ, பிள்ளை போகுதே!" என்று அவள் போட்ட சத்தத்தில் அத்தனை சுத்தியலும் நின்றன. மயில்சாமி முன்னால் போய் இரண்டு கையாலும் பஸ்ஸின் முகப்பைத் தள்ளினான். பஸ் அவனைச் செருப்போடு தேய்த்துக்கொண்டு போனது. சக்கரத்துக்குக் கல் போட்டார்கள், கல் பொடியானது. எங்கள் வேலையின் உறுதியை நாங்கள் நொந்துகொண்டது அன்று ஒருநாள்தான். வேகம் அதிகமில்லை, மாடு நடக்கும் வேகம், ஆனால் நிற்கவில்லை. சென்னியப்பன் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தான்.

"தாரணி, எறங்கு."

"அம்மாகிட்டப் போறேன்."

"அம்மா அங்க இல்ல."

"டீச்சர் சொன்னாங்க."

"டீச்சருக்குத் தெரியாது. எறங்கு கண்ணு, அம்மா வந்துரும்."

பஸ் வேகம் பிடித்தது. சென்னியப்பனின் நடை ஓட்டமானது.

"எப்ப வரும்?"

"வரும்... அம்மா தூங்குது கண்ணு."

"எங்க தூங்குது? போய் எழுப்பறேன்."

பஸ் இன்னும் வேகம் பிடித்தது. தெருமுனை தெரிந்தது, அதற்கப்பால் பெரிய சாலை. பின்னால் ஓடிய எல்லாருக்கும் அப்போது விளங்கியது, ஒவ்வொரு மழுப்பலுக்கும் அந்த பஸ் ஒரு கியர் மாறுகிறது என்று. சென்னியப்பனுக்கும் விளங்கியது. தமிழில் செத்தான் என்று சொல்லாமலே செத்ததைச் சொல்ல எத்தனை வழி இருக்கிறது என்று நான் ஒருகாலத்தில் சேகரித்து வைத்திருந்தேன்: காலமானார், மறைந்தார், அடி சேர்ந்தார், உலகு நீத்தார், துஞ்சினார். பழைய பாட்டுகளில் மன்னர்கள்கூடச் சாகவில்லை, அந்தந்த இடத்தில் துஞ்சியிருக்கிறார்கள், அதாவது தூங்கியிருக்கிறார்கள். அவ்வளவு நாகரிகமும் சேர்ந்து அந்த நிமிஷத்தில் சென்னியப்பனின் நாக்கை மறித்துக்கொண்டு நின்றது. அவன் ஜன்னலை விட்டான், கம்பியைப் பிடித்தான், தான் வைத்த படியில் தாவி ஏறினான், சீட்டுக்கு முன்னால் மண்டி போட்டான்.

"அம்மா செத்துப்போச்சு, தாரணி."

எஞ்சின் ஒரு சுதி இறங்கியது.

குழந்தை அவனையே பார்த்தாள். "செத்துப்போச்சுன்னா?"

"ஒடம்பு நின்னு போச்சு. மூச்சு வராது. பசிக்காது. வலிக்காது. பேசாது. திரும்பி வராது."

"சாயங்காலமும் வராதா?"

"வராது. எந்தச் சாயங்காலமும் வராது."

பஸ் பழையபடி மாடு நடக்கும் வேகத்துக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுவதும் கூடவே நடந்தது. யாரும் வாய் திறக்கவில்லை, எங்கள் தெருவில் அது பஸ் தானாக ஓடுவதைவிடப் பெரிய அதிசயம். தாரணி பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"நாந்தான் சொன்னேன். தல சீவும்போது அம்மா இழுத்துருச்சுன்னு, 'நீ போ, எனக்கு நீ வேண்டா'ன்னு சொன்னேன். அதனாலயா?"

இத்தனை நாளும் அந்தச் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு அவள் எதற்கு அலைந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ருக்குமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சென்னியப்பன் குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

"இல்ல. இங்க பாரு, இல்ல. காமாலை வந்து ஈரல் கெட்டுப்போச்சு. டாக்டர் மருந்து குடுத்தாங்க, கேக்கல. நீ சொன்ன சொல்லுக்கு ஈரல் கெடாது. நான்கூட ஆயிரந்தடவ அம்மாவத் திட்டியிருக்கேன். அம்மா என்னத் திட்டுனதுக்குக் கணக்கே இல்ல. நான் சாகலையே."

"நீயும் சாவியா?"

பஸ் காதைத் தீட்டிக்கொண்டதுபோல இருந்தது. பொய்க்கு இதைவிட வசதியான இடம் அகப்படாது.

"ஒருநாள் சாவேன். எல்லாரும்தான். இப்பச் சாகற மாதிரி எனக்கு ஒண்ணும் இல்ல. அப்படியே ஆனாலும் நீ தனியா இருக்கமாட்ட. மாமன் இருக்காங்க, ருக்குமணி அத்தை இருக்காங்க."

"நான் இருக்கறேன்டி!" என்று வெளியிலிருந்து மூச்சிரைக்கக் கத்தினாள் ருக்குமணி. "இந்த பஸ்ஸு நின்னாத்தான் நான் இருப்பேன், நெஞ்சு வலிக்குது, சீக்கிரம் பேசி முடிங்க!"

தாரணிக்கு ஒரு கணம் சிரிப்பு வரப்பார்த்தது. பிறகு முகம் கோணியது. பையால் அப்பாவை ஓங்கி அடித்தாள். "எனக்கு மட்டும் ஏன் சொல்லல? எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" மறுபடியும் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. "பயந்துட்டேன் கண்ணு" என்றான், "சொன்னா நெசமாயிடும்னு பயந்துட்டேன்." சொல்லிவிட்டு, பெண்டாட்டி செத்த நாளிலிருந்து முதல் தடவையாக, மகளுக்கு முன்னால், ஒளிக்காமல், கை கழுவப் போகாமல், அழுதான். அவள் அவன் அழுவதைப் பார்த்தாள். அப்படியென்றால் அழலாம்போல என்று கண்டுபிடித்தவள்போல அவளும் தொடங்கினாள். பஸ் நின்றது.

டீச்சர் கடைசியாக வந்து சேர்ந்தார், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. படியின் கீழே நின்றே பேசினார். "நான் தப்பாச் சொல்லிட்டேன் தாரணி. உங்கம்மா சாமியிடம் இருக்காங்கன்னு நான் நம்பறேன். ஆனா அது ஏறிப் போய்ட்டு வர்ற ஊர் இல்ல. அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கணும்."

அதன் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொருவராக வந்தார்கள். மயில்சாமி வந்து, "ஊட்டியில்ல கண்ணு, அக்கா செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ருக்குமணி சொன்னாள். பூக்காரம்மா சொன்னாள். வெல்டர் சொன்னார். கன்னியாகுமரிக்காரர் சொல்லும்போது குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்றாள் தாரணி, ஈவு இரக்கமில்லாமல். அவர் மறுபடி சொன்னார். ஒவ்வொருவர் சொன்னபோதும் தெருவில் நின்ற பஸ்களில் ஒன்று இருமிக்கொண்டு உயிர் பெற்றது.

"அம்மாவை எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள் குழந்தை.

"ஆத்தங்கரையில எரிச்சோம்."

"நான் பாக்கலையே. நான் போகோணும்."

பெண்பிள்ளைகளும் குழந்தைகளும் அங்கே போவதில்லை என்று யாரோ முனகினார்கள். சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளை இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு, அமராவதிப் பாலத்தை நோக்கி நடந்தான். ருக்குமணி நெஞ்சுவலியை மறந்து பின்னால் நடந்தாள். டீச்சர் நடந்தார். பட்டறைகளைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஆணும் பெண்ணுமாகத் தெருவே நடந்தது, சுத்தியலைக் கீழே வைக்க மறந்தவர்கள் சுத்தியலோடு நடந்தார்கள். எங்களுக்குப் பின்னால், பால் கேன்களோடு ஊட்டி பஸ், கூரையில் வடகத்தோடு சேலம் பஸ், விபூதி வாசத்தோடு பழனி பஸ், சிப்பி உதிர சிங்கப்பூர் பஸ், கன்னியாகுமரி பஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் மயில்கழுத்துக் கோடு போட்ட அந்த பஸ், ஹாரன் அடிக்காமல், ஒன்றை ஒன்று முந்தாமல், ஓட்ட ஆளில்லாமல், நடக்கும் வேகத்தில் வரிசையாக வந்தன. எதிரே வந்த லாரிகள் ஒதுங்கி நின்றன. சைக்கிளில் போனவர்கள் இறங்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பெரிய மனிதர்கள் பலருக்கு ஊர்வலம் போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அவர்களுக்கெல்லாம் கூட்டத்தைக் கூட்டிவந்தார்கள், இது தானாக வந்தது.

பாலத்து முனையில் டீக்கடை வைத்திருந்தவர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். அந்த வரிசை முடியும் இடம் தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார். முன்னால் வந்துகொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் குனிந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாரு பாப்பா செத்துப்போனது? பெரிய ஆளா?"

தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அவரைப் பார்த்தாள்.

"எங்கம்மா" என்றாள்.